மேரி டெக்கரின் கால்கள்: கத்தி பட்ட பிறகு ஓடுவாரா என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா?

1983 ஆகஸ்ட் 14, ஹெல்சிங்கி. முதல் உலகத் தடகளப் போட்டி, பெண்கள் 1500 மீட்டர் இறுதி ஓட்டம். கடைசிச் சுற்றில் சோவியத் வீராங்கனை ஜமீரா ஜைட்சேவா அமெரிக்க ஓட்டக்காரி மேரி டெக்கரைத் தாண்டி முன்னால் போய்விடுகிறார், சரி முடிந்தது என்று தோன்றும்போது டெக்கர் நேர்ப்பாதையில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டே வந்து கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முந்துகிறார், ஜைட்சேவா பாய்ந்து விழுந்தும் எட்டவில்லை. 4 நிமிடம் 0.90 விநாடி. நான்கு நாள் முன்னால்தான் 3000 மீட்டரிலும் தங்கம் வாங்கியிருந்தார். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஒவ்வொரு தடவையும் என் கண் போவது அவர் முழங்காலுக்குக் கீழேதான். அந்த இரண்டு கால்களும் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸின்போது ஓட லாயக்கில்லாமல் கிடந்தவை. 1970களின் கடைசியில் அந்தக் கால்களில் கத்தி வைத்தார்கள். அப்போது யாராவது ஒரு டாக்டரிடம் போய் "இந்தப் பெண் திரும்ப ஓடுவாளா?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? இன்று, இவ்வளவு ஆய்வுகளுக்குப் பிறகு கேட்டால், பதில் அதைவிடத் தெளிவாக இருக்குமா? இந்த நிகழ்வை எழுத எடுத்ததே அந்த இரண்டாவது கேள்விக்காக. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொஞ்சம் தெளிவாக இருக்கும். ஆனால் கேள்வியே பாதிதான் கேட்கப்படுகிறது.

வலி வந்த கதை

டெக்கர் பிறந்தது 1958 ஆகஸ்டில். கலிஃபோர்னியாவில் பன்னிரண்டு வயதில் ஒரே வாரத்தில் ஒரு மாரத்தானும் நான்கு டிராக் ஓட்டங்களும் ஓடி, வாரக் கடைசியில் குடல்வால் அறுவைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தவர். இதைப் படித்ததும் நமக்கு "அடேங்கப்பா" என்று வரும், கால்களைப் பார்க்கும் தொழிலில் இருப்பவருக்கு வயிற்றைப் பிசையும். 1973இல் பதினான்கு வயதில், பல்லில் கம்பியும் ரெட்டைச் சடையுமாக, மின்ஸ்க்கில் நடந்த அமெரிக்க–சோவியத் போட்டியில் 800 மீட்டரில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய நியோலே சபாய்தேவை ஜெயித்தார். மறுவருடம் உள்ளரங்க உலக சாதனைகள். அந்த வருடக் கடைசிக்குள் காலில் வலி ஆரம்பித்துவிட்டது.

அடுத்த மூன்று வருடமும் ஒரே மாதிரி ஓடியது. ஓய்வு எடுப்பார், வலி போகும், திரும்ப ஓடுவார், வலி வரும். கூடவே கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல்கள், அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். 1976 ஒலிம்பிக்ஸை அவர் தவறவிட்டது இந்தக் குவியலால்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இருந்தது ஒரு நோய் அல்ல, குறைந்தது இரண்டு.

திருப்பம் கொலராடோவின் போல்டரில் வந்தது. அங்கே அவர் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போயிருந்தார். நியூசிலாந்து ஓட்டக்காரர் டிக் க்வாக்ஸும் அப்போது அங்கே பயிற்சிக்கு வந்திருந்தார். மாண்ட்ரியலில் 5000 மீட்டரில் வெள்ளி வாங்கியவர், 1977இல் அதே தூரத்தில் உலக சாதனையும் (13:12.9) படைத்தவர். அவர் கால்களிலும் இதே அறுவையின் தழும்பு இருந்தது. டெக்கர் சொன்ன அறிகுறிகளைக் கேட்டதும் இது தனக்கு வந்ததேதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. டாக்டர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தும் பிடிபடாதது, அதே வலியை அனுபவித்த இன்னொரு ஓட்டக்காரருக்குப் பிடிபட்டது. இந்த நோயில் இன்றும் இப்படி நடப்பதுண்டு, அதில் டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. காரணம் நோயின் குணத்திலேயே இருக்கிறது.

என்ன நோய் இது

முழங்காலுக்குக் கீழே சதைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன: முன்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்பக்கம் மேலாக ஒன்று, பின்பக்கம் ஆழத்தில் ஒன்று. ஒவ்வொரு அறைக்கும் சுவர் ஃபேஷியா என்கிற வெள்ளை நிறக் கெட்டியான உறை, அதிகம் விரிந்து கொடுக்காது. ஓடும்போது சதைக்குள் ரத்தம் பாய்ந்து அது உப்பும், ஐந்தில் ஒரு பங்கு வரை பெரிதாகும் என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு உறைக்குள் அதற்கு இடம் இருக்கும். சிலருக்கு இருக்காது. உள்ளே அழுத்தம் ஏறும், சதை கல்லாக இறுகும், வலிக்கும், அந்த அறை வழியாகப் போகும் நரம்பு நசுங்கிப் பாதத்தில் ஒரு பகுதி மரத்துப்போகும். முன் அறை என்றால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, வெளி அறை என்றால் புறங்கால்.

நின்றதும் கால் மணியோ அரை மணியோ போனால் எல்லாம் அடங்கிவிடும். அதனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது கால் சாதுவாக இருக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, "ஷின் ஸ்பிளின்ட்ஸ் (கணைக்கால் எலும்பு ஓர வலி), ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். நாள்பட்ட உழைப்புவழிக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பது இதன் முழுப்பெயர். அடிபட்டு வரும் திடீர் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் வேறு, அது சில மணி நேரத்தில் காலையே பறிக்கும் அவசரம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சதையும் உறையும் பற்றிய இந்த விஷயம் டெக்கர் காலத்தில் அப்படி ஒன்றும் புதிதல்ல. 1912இல் தென்துருவத்திலிருந்து ஸ்காட்டோடு திரும்பிக்கொண்டிருந்த டாக்டர் எட்வர்ட் வில்சன், தன் இடது காலின் முன்பக்கச் சதை முழுக்க வீங்கி இறுகிவிட்டதாகவும் மேல்தோல் சிவந்துபோனதாகவும் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். தன் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு ஸ்லெட்ஜ் பக்கத்திலேயே நொண்டியபடி நடந்திருக்கிறார். இந்த நோயைப் பற்றிய முதல் பதிவு அதுவாக இருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். 1956இல் பிரிட்டனில் மேவர் என்ற அறுவை மருத்துவர் ஒரு தொழில்முறைக் கால்பந்து வீரருக்கு உறையைத் திறந்து வலியைப் போக்கினார். 1962இல் சதைக்குள் அழுத்தத்தை அளந்தே காட்டினார்கள். 1968இல் நெதர்லாந்தில் ரெனமன் இதைப் பற்றி முழு ஆய்வேடே எழுதினார். புத்தகத்தில் எல்லாம் இருந்தது, மைதானத்துக்கு அது வந்து சேரவில்லை.

அறுவையும் அதற்குப் பிறகும்

அறுவைக்குப் பெயர் ஃபேஷியாட்டமி. தோலில் ஒன்றிரண்டு இடத்தில் கீறி, உள்ளே உறையை நீளவாக்கில் திறந்துவிட்டு, தோலை மட்டும் தைத்துவிடுவார்கள். இடுப்பு இறுகிய பாவாடையின் நாடாவைத் தளர்த்திவிடுவது மாதிரி. கேட்க எளிது. ஆனால் வெளி அறையின் உறையைத் துளைத்துக்கொண்டு கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் மாதிரி தூரத்துக்குள் ஒரு நரம்பு வெளியே வருகிறது, அது கத்தியில் பட்டால் புறங்கால் மரத்துப்போகும். ஆழத்தில் உள்ள பின் அறையோ சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூம் மாதிரி, முழுக்கத் திறந்துவிட்டோமா என்பதே சந்தேகமாக இருக்கும்.

டெக்கருக்கு 1977, 1978 வாக்கில் அறுவைகள் நடந்தன. ஒரே தடவையில் முடியவில்லை. அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வின் உயிரே இந்த வரிசையில்தான் இருக்கிறது.

1979இல் பான் அமெரிக்க விளையாட்டில் 1500 மீட்டர் தங்கம். 1980 ஜனவரியில் ஆக்லாந்தில் ஒரு மைலில் உலக சாதனை, 4:21.68. அந்த வருடம் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வில் ஜெயித்தார், ஆனால் அமெரிக்கா மாஸ்கோவைப் புறக்கணித்தது, அதில் காலின் குற்றம் எதுவும் இல்லை. ஆகஸ்டில் சூரிக்கில் 3:59.43 ஓடி, 1500 மீட்டரை 4 நிமிடத்துக்குள் முடித்த முதல் அமெரிக்கப் பெண் ஆனார். அப்புறம் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலிஸ் தசைநார் போனது, அறுவை, 1981 முழுக்க வீண். 1982இல் எழுந்து வந்து ஒரே கோடையில் 5000 மீட்டர், மைல், 10,000 மீட்டர் மூன்றிலும் உலக சாதனை. 1983இல் ஹெல்சிங்கி. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் கூட ஓடிய ஜோலா பட்டோடு கால் பின்னி விழுந்த அந்தப் பிரபலமான விழல். 1985இல் சூரிக்கில் மைல் 4:16.71, திரும்பவும் உலக சாதனை. அதற்கு மேல் காயங்கள், திரும்பி வருதல், காயங்கள். 1988 சியோலில் பதக்கம் இல்லை. 1996 அட்லாண்டாவில் 37 வயதில் 5000 மீட்டர் தகுதிச் சுற்றோடு முடிந்தது. (அந்த வருட ஊக்கமருந்துச் சோதனை வழக்கு தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை.) வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள், பெரும்பாலும் கால்களில். பிற்காலத்தில் ஓடவே முடியாமல் போய், நின்றபடியே மிதிக்கும் ஒரு வகை சைக்கிளுக்கு மாறினார்.

இப்போது சொல்லுங்கள், அறுவைக்குப் பிறகு இவர் "விளையாட்டுக்குத் திரும்பினாரா"?

ஃபைலை எப்போது மூடுகிறோம்

1978 கடைசியில் மூடினால் "சந்தேகம்". 1980 செப்டம்பரில் மூடினால் "முழு வெற்றி, பழையதைவிட வேகம்". 1981இல் மூடினால் "தோல்வி, ஓட்டம் நின்றுவிட்டது". 1983இல் மூடினால் பாடப்புத்தகத்தில் போடலாம். நோயாளி ஒருவர்தான், அறுவையும் அதேதான்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைத்தால், வெளியாகும் ஆய்வுகளைக் கொஞ்சம் பாருங்கள். ஒன்று ஆறு மாதத்தில் கேட்கிறது, இன்னொன்று நான்கு வருடம் கழித்து தபாலில் கேட்கிறது. ஒன்றில் "திரும்பினார்" என்றால் பயிற்சிக்கு வந்தார் என்று அர்த்தம், இன்னொன்றில் பழைய மட்டத்துக்கு, மூன்றாவதில் "வலி இல்லை". 2016இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதில் அறுவை வெற்றி என்று சொல்லத்தக்கவர்கள் மூன்றில் இரண்டு பங்கு (66 சதவீதம்), பழைய அல்லது முழு அளவு நடவடிக்கைக்குத் திரும்பியவர்கள் நான்கில் மூன்று பங்கு, "திருப்தி" என்று சொன்னவர்கள் 84 சதவீதம். சிக்கல் வந்தவர்கள் எட்டில் ஒருவர் அளவு.

அந்த 66க்கும் 84க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றி பெறாதவர்களில் பலர் திருப்தியாக இருக்கிறார்கள். எப்படி? என் ஊகம்: அவர்கள் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள், சைக்கிளுக்கு மாறினார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் ஆனது. வலியை உண்டாக்கும் வேலையை விட்டால் வலி போகும்தானே. அதையும் வெற்றிக் கணக்கில் போடுவதா வேண்டாமா என்பதை ஆய்வாளர் முடிவு செய்கிறார், பதினெட்டு வயது ஓட்டக்காரிக்கு அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

எதை வைத்துக் கணிக்கிறார்கள்

முதலில் எந்த அறை என்று பார்ப்பார்கள். இதில்தான் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும். 2000இல் கனடாவில் வந்த ஒரு ஆய்வில் முன், வெளி அறைகளைத் திறந்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், ஆழமான பின் அறையைத் திறந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான். வேறு ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. ஏன் என்பதற்குப் பல காரணம்: அங்கே உள்ளுக்குள்ளேயே இன்னும் குட்டி அறைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் திறப்பது கஷ்டம். முக்கியமான இன்னொரு காரணம், ஆழப் பின் அறை வலி என்று பெயர் சூட்டப்பட்ட பலருக்கு உண்மையில் எலும்பு ஓர வலியோ, முழங்கால் மடிப்பில் தமனி நசுங்கும் பிரச்சினையோ இருந்திருக்கலாம். அறுவை தோற்கவில்லை, விலாசம் தப்பாக இருந்தது.

முன் அறையில் மட்டும் நோய் இருக்கும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று வெளி அறையையும் சேர்த்துத் திறக்கும் பழக்கமும் உண்டு. 2013இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் முன் அறையை மட்டும் திறந்தவர்கள் இரண்டையும் திறந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். தேவை இல்லாத கதவைத் திறக்காதே என்று இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் இரண்டு அறையிலும் நோய் இருந்தவர்களுக்குத்தானே பெரும்பாலும் இரண்டும் திறக்கப்படும், அவர்கள் ஆரம்பத்திலேயே மோசமான நிலையில் இருந்திருக்கலாம்.

அதே ஆய்வில் வயதும் பேசுகிறது. பள்ளி, கல்லூரி விளையாட்டு வீரர்கள் அதற்கு மேல் வயதானவர்களைவிட அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். இளம் உடம்பு சீக்கிரம் ஆறும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கல்லூரி வீரருக்குப் பக்கத்திலேயே பிசியோ, பயிற்சியாளர், நீச்சல் குளம், யாரும் "எப்போது வேலைக்கு வருவாய்" என்று கேட்காத நாட்கள் எல்லாம் உண்டு. முப்பத்தைந்து வயது மாரத்தான் ஆர்வலருக்கு இதில் எது இருக்கிறது?

ராணுவக் கணக்கைப் பார்த்தால் இந்தச் சூழ்நிலை விஷயம் பளிச்சென்று தெரியும். 2013இல் அமெரிக்க ராணுவத்தில் அறுவை செய்த 600க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 45 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் அறிகுறி திரும்ப வந்தது, கால்வாசிக்கும் மேல் முழு அளவில் பழைய நிலைக்குப் போக முடியவில்லை. சிப்பாய்க்கு "இன்று கால் இறுக்கமாக இருக்கிறது, பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியாது, முதுகில் மூட்டை, காலில் பூட்ஸ், எத்தனை மைல் என்பதை முடிவு செய்பவர் வேறு ஒருவர். ஓட்டக்காரிக்கு வலியின் அளவைக் கையில் வைத்துக்கொள்ளும் சுதந்திரம் கொஞ்சமாவது இருக்கிறது. கணிப்பில் இதற்கு ஒரு கட்டம் கூட ஒதுக்குவதில்லை என்பது என் பெரிய குறை.

சரி, எல்லாரும் முதலில் கேட்கும் அந்த எண்ணுக்கு வருவோம். அழுத்தம். ஊசி குத்தி அளப்பார்கள். 1990இல் பெடோவிட்ஸ் குழு வகுத்த அளவுகோல்தான் இன்றும் ஓடுகிறது: ஓடுவதற்கு முன் 15 மி.மீ. பாதரசம் அல்லது மேல், ஓடி முடித்து ஒரு நிமிடத்தில் 30 அல்லது மேல், ஐந்து நிமிடத்தில் 20 அல்லது மேல், இதில் ஒன்று இருந்தாலும் நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். பிரச்சினை என்னவென்றால் 2012 வாக்கில் வந்த மறுபரிசீலனைகள், வலியே இல்லாத ஆட்களின் அளவுகளும் இந்த எல்லைக்கு மேலே போவதுண்டு என்று காட்டின. ஊசி எந்த ஆழத்தில் இருக்கிறது, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்தச் செருப்பு, எவ்வளவு நேரம் ஓடினார் என்பதற்கெல்லாம் எண் ஆடும். நோயைக் கண்டுபிடிக்கவே இப்படித் தடுமாறும் எண்ணை வைத்து, அறுவைக்குப் பின் யார் ஓடுவார் என்று சொல்லப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 52 வந்தவருக்கு 34 வந்தவரைவிட நல்ல முடிவு வரும் என்று நம்பிக் காசு கட்டாதீர்கள்.

இதைவிட உபயோகமானது நோயாளி சொல்லும் கதை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே தூரத்தில் ஆரம்பிக்கிறதா, இறுகுவது கையில் தொட்டால் தெரிகிறதா, நிறுத்தினால் அரை மணிக்குள் போகிறதா, இரண்டு காலிலும் உண்டா, ராத்திரி வலிப்பதே இல்லையா. இதற்கெல்லாம் ஆம் என்றால் விலாசம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். எலும்பில் ஒரு புள்ளியைத் தொட்டால் துள்ளுகிறார், மறுநாள் காலை எழுந்ததும் வலிக்கிறது என்றால் அங்கே வேறு ஒன்றும் இருக்கிறது. அந்த "வேறு ஒன்று" அறுவைக்குப் பிறகும் அங்கேயேதான் இருக்கும்.

கத்திக்கு முன்னால் ஒரு வார்த்தை

டெக்கர் காலத்தில் இருந்த வழிகள் ஓய்வு, கட்டு, ஊசி, அப்புறம் கத்தி. இன்று நடுவில் இரண்டு வந்திருக்கிறது. ஒன்று ஓடும் விதத்தை மாற்றுவது. 2012இல் அமெரிக்க ராணுவக் கல்லூரியில் பத்துப் பேருக்கு, குதிகால் முதலில் விழாமல் முன்பாதத்தில் இறங்கி ஓட ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் பத்துப் பேரில் ஒருவருக்கும் அறுவை தேவைப்படவில்லை. பத்துப் பேர்தான், ஒப்பிட வேறு குழு இல்லை, அதனால் கொண்டாட வேண்டாம். ஆனால் காரணம் புரிகிற மாதிரி இருக்கிறது: குதிகால் முதலில் விழுந்தால் பாதம் பட்டென்று தரையில் அடிக்காமல் தாங்கிப் பிடிக்க முன் அறைச் சதைதான் ஒவ்வொரு அடிக்கும் உழைக்கிறது, அந்த உழைப்பைக் குறைக்கிறோம். பின் அறை நோய்க்கு இது பொருந்தாது, அங்கே பாரத்தைக் கூட்டித்தான் விடும். இன்னொன்று சதையைத் தளர்த்தும் பொட்டாக்ஸ் ஊசி. 2013இல் பிரான்சில் 16 பேரில் 15 பேருக்கு வலி போனது, ஆனால் பலருக்குச் சதையின் பலமும் கொஞ்சம் குறைந்தது. 1500 மீட்டர் ஓடுகிறவருக்கு அந்தக் கொஞ்சம் கொஞ்சமே அல்ல.

திரும்பத் திறப்பது

டெக்கருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்தது என்றேன். திறந்த உறை தழும்பாக மாறித் திரும்ப மூடிக்கொள்ளும், அல்லது முதல் தடவை முழு நீளத்துக்கும் திறந்திருக்க மாட்டார்கள். கால் இல்லாமல் கையில் இதே நோயைப் பார்க்க வேண்டுமென்றால் மோட்டார் பைக் பந்தய வீரர் டானி பெட்ரோசாவைப் பாருங்கள். பிரேக் பிடித்துப் பிடித்து முன்கைச் சதை இறுகும், அவர்கள் ஆர்ம் பம்ப் என்பார்கள். 2014இல் அறுவை செய்தார், பிரச்சினை திரும்ப வந்தது. 2015 ஏப்ரலில் திரும்பச் செய்தார், மூன்று பந்தயம் விட்டார், மே மாதம் லே மான்ஸில் திரும்பி வந்தார், அந்த வருடம் ஜப்பானிலும் மலேசியாவிலும் ஜெயித்தார். இரண்டாவது தடவை உறையைக் கீறி விடாமல் அப்புறப்படுத்தினார்கள். இரண்டாவது அறுவை என்றாலே கை கழுவ வேண்டியதில்லை, ஆனால் முதல் தடவை ஏன் தோற்றது என்பதற்குப் பதில் இல்லாமல் இரண்டாவதுக்குப் போகக் கூடாது.

பின்சிகிச்சையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறுவை முடிந்த ஓரிரு நாளிலேயே கணுக்காலை அசைக்க ஆரம்பிக்க வேண்டும், உறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். தையல் பிரிக்க இரண்டு வாரம் வாக்கில், பிறகு சைக்கிள், தண்ணீரில் நடை, ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் மெல்ல ஓட்டம், எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் போட்டிப் பயிற்சி. பின் அறை என்றால் இன்னும் தள்ளும். இதில் அவசரப்பட்டுக் கெட்டவர்களும் உண்டு, பயந்து காலை அசைக்காமல் வைத்திருந்து கெட்டவர்களும் உண்டு.

1978க்குத் திரும்பிப் போனால்

இன்றைய அறிவோடு அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்தால் நான் எப்படிக் கூட்டுவேன்?

சாதகம்: இருபது வயதுகூட ஆகவில்லை, கல்லூரி வீராங்கனை, அறிகுறிக் கதை அதே நோய் வந்த ஒருவருக்குக் கேட்டவுடன் புரிகிற அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது, ஓடுவதைத் தவிர வேறு எதிலும் மனசு இல்லை. பாதகம்: வலி ஆரம்பித்து மூன்று நான்கு வருடம் ஆகிவிட்டது, எலும்பு விரிசல்கள் கூடவே இருந்திருக்கின்றன, ஒரு அறுவையோடு முடியவில்லை. பெண்களுக்கு இந்த அறுவை ஆண்களுக்குத் தரும் அளவு பலன் தருவதில்லை என்று 1999இல் இளம் வீராங்கனைகளை வைத்து வந்த ஒரு பாஸ்டன் ஆய்வு சொன்னது, எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, பெண்களின் வலியை எவ்வளவு தாமதமாகக் காதில் வாங்குகிறார்கள் என்பதும் அதற்குள் கலந்திருக்கலாம்.

கூட்டிக் கழித்தால் "மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, பழைய மட்டத்துக்கு" என்று சொல்லியிருப்பேன். அது சரியாகவும் இருந்திருக்கும், சுத்தமாகத் தப்பாகவும் இருந்திருக்கும். ஏனென்றால் அறுவை திறந்துவிட்டது சதையின் உறையை மட்டும். பன்னிரண்டு வயதில் ஒரே வாரத்தில் ஐந்து ஓட்டம் ஓடியவரின் உள்ளே இருந்த அந்த நிறுத்தத் தெரியாத குணத்தை எந்தக் கத்தியும் தொடவில்லை. உறைக்குள் இடம் கிடைத்ததும் அவர் இன்னும் அதிகம் ஓடினார், வேகமாக ஓடினார், அந்தப் பாரத்தை அடுத்து யார் தாங்குவது? அக்கிலிஸ் தாங்கிப் பார்த்தது, இரண்டு வருடத்தில் போனது. அறுவை எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ அவ்வளவு சீக்கிரம் பாரம் அடுத்த இடத்துக்குப் போனது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் கம்பார்ட்மென்ட் அறுவைக்குப் பின் ஓட்டக்காரர்களைப் பின்தொடரும் ஆய்வுகள், "அதே வலி திரும்ப வந்ததா" என்று கேட்கும் அதே தாளில் "அதற்குப் பிறகு காலில் வேறு எது உடைந்தது" என்றும் கேட்டால் நன்றாக இருக்கும்.

ஆகவே உங்கள் பிள்ளைக்கோ உங்கள் மாணவருக்கோ இந்த அறுவை பேச்சு வந்தால், டாக்டரிடம் "எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். எந்த அறை என்று கேளுங்கள், அதை எப்படி உறுதி செய்தார்கள் என்று கேளுங்கள், எலும்பையும் ரத்தக் குழாயையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். "திரும்புவார்" என்று அவர் சொன்னால், எதற்கு, எத்தனை மாதத்தில், அதற்கு அடுத்த சீசனிலுமா என்று கேளுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் வாராவாரம் எவ்வளவு ஓடுகிறார், எங்கே வலிக்கிறது என்று எழுத ஆரம்பியுங்கள், அறுவைக்கு முன்னாலிருந்தே, அறுவை முடிந்து குறைந்தது மூன்று வருடத்துக்கு.

டெக்கரின் நோட்டில் 1980 ஆகஸ்ட் பக்கத்தில் 3:59.43 என்று இருந்திருக்கும். 1981 பக்கங்கள் காலி.